மட்டி களைப்பதில்லை, தம்பி

கண்ணான தம்பி சலீமுக்கு, கபுறுக் குழிக்குள் உறங்கும் உனக்கு உன் மூத்த காக்காவின் ஸலாம்.

முதலில் என் பிழையை ஒத்துக்கொள்கிறேன். மட்டிச் சிப்பி வாயை மூடிக்கொண்டிருக்க முழு நேரமும் தசையை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று எத்தனை வருடம் வகுப்பில் படிப்பித்தேன்! பிள்ளைகளைக் கைநீட்டிப் புத்தகம் தூக்கவைத்து, "பாருங்கள், உங்கள் தசை களைக்கிறது, மட்டியும் களைக்கும்" என்பேன். களப்புத் தண்ணீரில் இறங்கி மட்டி அள்ளிக்கொண்டு வரும் நீ சிரிப்பாய். "காக்கா, நேத்து சாக்கில கட்டினது இன்னும் வாய் திறக்கல்ல. உங்கட புத்தகத்துக்குத்தான் களைப்பு."

நீ சொன்னதுதான் சரி. பென்ஷன் எடுத்த பிறகுதான் வாசித்தேன். மூடுவதற்குத்தான் மட்டி பலத்தைச் செலவழிக்கிறது. மூடியபின் தசையின் இழைகள் ஒன்றையொன்று கொளுவிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு செலவு மிகக் கொஞ்சம். கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றால் தோள் நோகும். கொளுக்கி போட்டால் போய்ப் படுக்கலாம். உள்ளேயிருந்து நரம்பு சொன்னால்தான் அது கழலும். இதை நீ எங்கே படித்தாய்?

இப்போது உன் வீட்டுக் கதை. உன் பெண்சாதி ஹபீபாவுக்கு அவளுடைய உம்மா சீதனமாகக் கொடுத்த களப்போரக் காணியை, ஹோட்டல் கட்டுகிறவர்களுக்கு விற்கச் சொல்லி அவள் தம்பி நிற்கிறான். ஒவ்வொரு ஜும்ஆ முடிந்ததும் வருகிறான். போன கிழமை அவள் என்னிடம் அழுதாள். "மச்சான், இல்லையெண்டு சொல்லிச் சொல்லி எனக்கு ஏலாமப் போயிட்டு."

அவன் என்னிடமும் வந்தான். "சேர், ஹபீபா ராத்தா எத்தின நாளைக்குப் புடிச்சிட்டு இருப்பா? ஒரு நாளைக்கு ஓம் எண்டுவா."

"அந்த நாள் வரைக்கும் நீ நடந்து நடந்து உன்ட செருப்புத்தான் தேயும். தேத்தண்ணியக் குடி, ஆறுது" என்றேன்.

அவன் போனதும் ஹபீபாவிடம் சொன்னேன். "நீ கதவைத் தள்ளிப் பிடிக்கிறாய் புள்ள. கொளுக்கி போடு." நம் ஊரில் காணி பெண்பிள்ளைக்குத்தானே போகிறது? கலியாணம் பேசும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? உன் மகள் நஸ்ரினுக்கு இப்போதே எழுதிவிடட்டும்.

"மாப்பிள்ளை இல்லாமச் சீதனமா, பெரியப்பா?" என்று நஸ்ரின் சிரித்தாள்.

"அவர் மெதுவா வரட்டும். காணி முதல்ல உன்ட பேருக்கு வரட்டும்" என்றாள் ஹபீபா. நீ போன பிறகு அவள் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

திங்கட்கிழமை காணி எழுத நொத்தாரிசிடம் போகிறோம். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இனி யாருக்காவது காணி வேண்டுமென்றால் நஸ்ரினிடம் கேட்கட்டும். அவளுடைய வாய் உனக்குத் தெரியும்.

என் மூச்சு உள்ளவரை அந்தக் கரையில் அந்நியன் ஒரு கட்டை நாட்ட விடமாட்டேன், தம்பி. அதற்குப் பிறகும் நாட்டமுடியாது; காணி உறுதிப் பத்திரம் உன் மகள் கையில் இருக்கும்.

உன் கூடப்பிறந்த காக்கா