கொஞ்சம் காத்திருக்கும் நிரல்

டுலூத்,
மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.

நேற்று போனில் நான் சற்றுப் பேசாமல் இருந்ததும், "சரி கண்ணு, வேற ஒண்ணுமில்லல்ல? வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டீர்கள். முக்கியமான பேச்சு எனக்குத் தாமதமாகத்தான் வரும். அம்மா ஜூனில் வேலைக்காக ஹாலிஃபாக்ஸ் போகிறாள். அவளோடு போவதா, போர்ட்லாந்தில் உங்களிடம் வருவதா என்று நான் சொல்ல வேண்டுமாம்.

கணினி நிரல் எழுதும் உங்கள் குழுவின் மடல்களை நூலகக் கணினியில் படித்தேன், இணையத்தில் யாரும் படிக்கலாமே. நீங்கள் அனுப்பிய சின்னத் திருத்தத்துக்கு டெஸ்மண்ட் என்பவர், "அளந்த கணக்கு எங்கப்பா? வேகமாச்சுன்னு நீ சொன்னா நம்பிடணுமா?" என்று விரட்டுகிறார். அவருக்கு எவ்வளவு பொறுமையாக, நீளமாகப் பதில் எழுதுகிறீர்கள்! அது என்ன திருத்தம்?

உங்கள் மகள்,
மார்கிட்

போர்ட்லாந்து,
மார்ச் 9

கண்ணு மார்கிட்,

நீ கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே கணினிக்குள் பல கணினிகள் ஓடுவதாக வைத்துக்கொள். உள்ளே இருக்கும் ஒன்று வேலை தீர்ந்து தூங்கியதும் எங்கள் நிரல் உடனே வேறு வேலைக்குப் போய்விடும். அடுத்த கணமே அதற்கு வேலை வந்தால் மறுபடி எழுப்பத்தான் நேரமாகிறது. அதனால், போவதற்கு முன் ஒரு துளி நேரம் காத்திருந்து பார்க்கச் சொன்னேன். "சும்மா நிக்கறதுக்குக் கரண்ட் செலவா?" என்றார் டெஸ்மண்ட். அளந்து காட்டியதும் ஏற்றுக்கொண்டார்.

ஜூன் விஷயம்: நீ எங்கே இருந்தாலும் எனக்குச் சம்மதமே. உன் விருப்பம்.

அன்புடன்,
அப்பா

டுலூத்,
மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

"உன் விருப்பம்" என்றதைப் படித்ததும் அம்மாவிடம் ஹாலிஃபாக்ஸ் என்று சொல்லிவிட்டேன். "அவசரப்படாதடி" என்றாள்.

எங்கோ தூங்கும் கணினிக்காகக் காத்து நிற்கிறீர்கள். ஞாயிறன்று போனில் எனக்காகவும் கொஞ்சம் நில்லுங்களேன். அதற்கும் அளந்து காட்ட வேண்டுமா?

மார்கிட்

டுலூத்,
மார்ச் 24

என் அப்பாவுக்கு,

நேற்று நான் பேச்சை நிறுத்தியும் நீங்கள் போனை வைக்கவில்லை. மூச்சுவிடுவது கேட்டது. உங்கள் ஜன்னலில் மழை அடிப்பதும் கேட்டது. அப்போதுதான் நீங்கள், "வந்துடு கண்ணு. எனக்கு நீ இங்க வேணும்" என்றீர்கள்.

எனக்கு மட்டும்தான் பேச்சு தாமதமாக வரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உங்களிடமே வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் அழுதாள். பிறகு ஹாலிஃபாக்ஸுக்கென்று எனக்காக எடுத்து வைத்திருந்த தடித்த பனிக்கோட்டைத் திரும்ப அலமாரியில் மாட்டிவிட்டு, "அங்க மழைக்குத்தான் ஏதாவது வாங்கணும்" என்றாள்.

மார்கிட்