அடைக்காத பொட்டு

1991 ஆவணி, ஞாயிறு.

போன கிழமை பின்வேலியை வெட்டிக்கொண்டு வந்த கள்ளர், கிணற்றடியில் இருந்த தண்ணி இறைக்கிற மிசினைக் கொண்டு போனார்கள். இவர் கொழும்பில். வீட்டில் நானும் மகளும்தான்.

இன்று வேலி நெடுக முள் நட்டேன். தேசி, அதுதான் எலுமிச்சை, வளர நாள் எடுக்கும். நாகதாளி வெட்டி ஊன்றினாலே பிடித்துவிடும். அதனால் நாகதாளியை நெருக்கமாகவும் தேசியை இடையிடையேயும் வைத்தேன். கையெல்லாம் கீறல்.

மத்தியானம் அளவெட்டியிலிருந்து அண்ணை வந்தார்.

"முள்ளுக்கண்டு வீட்டுக்கு ஆகாது தங்கச்சி. பேசாமல் பூட்டிப்போட்டு எங்கடை வீட்டை வா."

"ஆகாத ஆக்கள் வரக்கூடாதெண்டுதான் நடுறன்" என்றேன்.

பக்கத்து வீட்டு வேலியில் ஆள் நுழையிற இடைவெளியை, அந்தப் பொட்டைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உதை ஏன் அடைக்காமல் விட்டனீ?"

குண்டு போட வாற பிளேன் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா, நடக்கமாட்டாத தகப்பனைத் தாங்கிக்கொண்டு அதாலேதான் எங்கள் பங்கருக்கு ஓடி வருவா. வாசல் படலையால் சுற்றி வர நேரம் காணாது. இதைச் சொன்னேன்.

"அப்ப கள்ளன் உதாலை வந்தால்?"

"வரட்டும் அண்ணை. முழு வேலிக்கும் காவல் இருக்க என்னாலை ஏலாது. ஒரு பொட்டுக்கு நான் ஒருத்தி காணும்."

தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். கோபித்தால் கோபிக்கட்டும். கட்டிலைப் பொட்டுத் தெரிகிற யன்னலடிக்கு இழுத்துப் போட்டுவிட்டேன். மகள் என் கையில் முள்ளெடுக்க ஊசியோடு நிற்கிறாள்.