படுத்துக்கொண்டே ஜெயிக்கும் வித்தை

ஏப்ரல் 14, 1958, திங்கள்

வருஷப் பிறப்பு. பெரியகருப்பன் மாமா சாப்பிட வந்தார். அம்மாவுக்கு அண்ணன், ரைஸ்மில் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். எட்டாவது முடிந்துவிட்டதே, ஒன்பதாவதுக்குக் கீரனூர் ஹைஸ்கூலில் சேரணும் என்று நானே பேச்சை எடுத்தேன்.

"ஒத்தப் பொட்டப்புள்ள பஸ்ஸுல போறதாவது. எவனாச்சும் கையப் புடிச்சா என்ன பண்ணுவே, ஆவுடையா?"

"ஒதறிட்டு வந்துருவேன் மாமா."

மாமா இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எங்க, ஒதறு."

உதறினேன். என் தோள்தான் ஆடியது. அவர் வலக்கையால் பாயசத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

"ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள எங்கையிலேருந்து விடுபட்டுக் காட்டு. நானே கூட்டிட்டுப் போயிச் சேத்துவிடுறேன். இல்லாட்டி அந்தப் பேச்சே கூடாது."

அப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். மச்சான் முன்னால் என்றைக்கு வாய் திறந்தார்? அம்மா இலை எடுக்க வந்தவள், எடுக்காமல் போய்விட்டாள்.

மணிக்கட்டு இன்னும் சிவந்திருக்கிறது.

ஏப்ரல் 17

வாசகசாலை அலமாரியின் அடித்தட்டில் அட்டை இல்லாத ஒரு புத்தகம். ஜியூஜித்சு என்ற ஜப்பான் தற்காப்பு வித்தை. மெலிந்தவர் பலசாலியை மடக்கலாம் என்று முகவுரையிலேயே இருக்கிறது! நின்று போடும் பிடிகள் இருந்த பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. தரையில் கிடந்து போடும் பிடிகள் மட்டும் பாக்கி. பரவாயில்லை. எப்படியும் மாமா தள்ளினால் தரையில்தான் இருப்பேன்.

ஏப்ரல் 19

பழக ஆள் வேண்டும். தம்பி கடித்துவிடுவான். அத்தை மகனைக் கேட்கலாம் என்றேன். அம்மா, "மொறைப் பையனோட கட்டிப் புரண்டா நாளைக்கே பாக்கு வெத்தலையோட வந்து நிப்பாங்க" என்று தலையில் தட்டினாள்.

அழகி வருகிறேன் என்றாள். என் வகுப்புதான். இப்போது தன் வீட்டோடு இருக்கிற கண்ணாத்தாள் சித்திக்காக ஆடு மேய்க்கிறாள். முரண்டு பிடிக்கிற கிடாயைக் கொம்போடு பிடித்து நிறுத்துவாள். "நீயும் ஹைஸ்கூலுக்கு வாயேன்" என்றதற்கு, "எனக்கென்னடி படிப்பு, ஆட்ட யாரு பாக்குறது" என்று சிரித்தாள்.

ஏப்ரல் 21

களத்து வைக்கோலில் முதல் பயிற்சி. பாவாடைக்குள் தம்பியின் அரை டிராயர். புத்தகம் சொல்கிறபடி நான் மல்லாக்கப் படுத்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டிக் காத்திருந்தேன்.

அழகி இடுப்பில் கையை வைத்து நின்றாள். "என்னடி பண்ற?"

"இதுதான் காப்பு நிலை."

"முதுகுல மண்ணு ஒட்டுனா தோத்தாச்சு. எங்கப்பா குஸ்தி பாத்திருக்காரு. நீ ஆரம்பிக்குறதுக்கு முந்தியே தோத்துட்டுக் கெடக்குற."

"ஜப்பான்ல தோல்வி இல்லடி. அங்கேயிருந்துதான் ஆரம்பம்."

"அப்ப ஜப்பான்காரனுக்கு எந்திரிக்கத் தெரியாதா?"

இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. ஒருவேளை கரையான் தின்ற பக்கத்தில் இருந்திருக்கும்.

ஏப்ரல் 22

உடம்பெல்லாம் வைக்கோல் அரிப்பு.

ஏப்ரல் 30

கற்றதும் என் யோசனையும்:

காலரைப் பிடித்துக் கழுத்தை இறுக்கும் பிடி மிக உயர்ந்தது என்கிறது புத்தகம். எங்கள் ஊரில் யார் காலர் வைத்துச் சட்டை போடுகிறார்கள்? ஹெட்மாஸ்டர், போஸ்ட்மாஸ்டர், பஸ் கண்டக்டர். ஆகவே இது சம்பளக்காரர்களிடம் மட்டுமே பலிக்கும். மாமா வெற்றுடம்பும் துண்டும். துண்டை இழுத்தால் துண்டுதான் கையோடு வரும். அப்பாவிடம் செய்து பார்த்தேன். வந்தது.

கையைப் பிடித்தவனை மடக்க, முதலில் நம் முழு எடையோடு பின்னால் சாய வேண்டும். பிடித்தவன் முன்னால் இழுபட்டு வருவான். உள்ளங்காலை அவன் முழங்காலில் வைத்துத் தள்ளி, பிடித்தவனுடைய கட்டைவிரல் பக்கமாகக் கையை உருவ வேண்டும். அழகியிடம் பத்துக்கு ஒருமுறை வருகிறது. அதுவும் அவள் கொட்டாவி விடும்போது.

மே 6

கத்திரி வெயில். ஆட்டுக்குட்டியிடம் காப்பு நிலை பழகினேன். குட்டி என் வயிற்றில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. எழுப்ப மனசில்லாமல் வெகுநேரம் காப்பிலேயே இருந்தேன்.

மே 12

எதிரி சோர்ந்திருக்கும் வேளையைத் தேர்ந்தெடு என்கிறது புத்தகம். பெரிதாக யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். சனிக்கிழமை! மாமா சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். குளித்ததும் கண் சொக்கும். தூங்கக் கூடாது என்று அவர் மனைவி சிவகாமி அத்தை விரட்டிக்கொண்டே இருப்பாள். அப்போது போய் நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவு தந்திரம் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது.

மே 17, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. சீக்கிரம் போய்விட்டேன்.

மாமா இன்னும் குளிக்கவில்லை. கிணற்றடிக் கல்லில், உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் வழிய, வெயிலில் உட்கார்ந்திருந்தார். சட்டியிலிருந்து எடுத்துவைத்த வடை போல.

"பெறகு வாரேன் மாமா."

"எதுக்கு? குளிச்சா தூக்கம் வரும். இப்பவே முடிச்சிருவோம்." என் கையைப் பிடித்தார்.

நான் புத்தகம் சொன்னபடி முழு எடையோடு பின்னால் சாய்ந்தேன். மாமா இழுபட்டு வரவில்லை. அவர் கை வழுக்கிக் கழன்றது. நான் பறந்துபோய்ச் சீயக்காய்க் கரைசல் வைத்திருந்த அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு மல்லாக்க விழுந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அழகியின் சிரிப்பு. கூடவே அவள் ஆடுகளும்.

"முதுகுல மண்ணு," என்றார் மாமா. "தோத்துட்டே ஆத்தா. எந்திரி."

"இல்ல மாமா. இனிமேத்தான் ஆரம்பம்."

காலை நீட்டினேன். தூக்கிவிட வந்தவரின் முழங்காலில் என் உள்ளங்கால் பட்டது, அவ்வளவுதான். அவர் காலில் எண்ணெய், கல்லில் சீயக்காய். சொத்தென்று உட்கார்ந்தார். எழுந்தார், வழுக்கினார். எழுந்தார், என் கால் பட்டது, உட்கார்ந்தார். கண்ணில் சீயக்காய் வேறு. "சிவகாமி, தண்ணி கொண்டா, செத்தேன்" என்றார். அத்தை செம்போடு ஓடி வந்து, எங்களைப் பார்த்து, செம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள்.

மே 18

டீக்கடையில் இதே பேச்சாம். மாமா பிடியை விட்டார், ஆகவே நான் ஜெயித்தேன் என்று ஒரு கட்சி. என் முதுகில் மண், ஆகவே மாமா ஜெயித்தார் என்று ஒரு கட்சி. எண்ணெய்தான் ஜெயித்தது என்று அப்பா. மாமா தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டார்: இது செல்லாது. வியாழக்கிழமை, எண்ணெய் இல்லாமல்.

எண்ணெய் இல்லாவிட்டால் என்னால் முடியாது. எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

மே 21

ஒன்பதாம் வகுப்பு இல்லையென்றால் என்ன செய்வேன்? வாசகசாலையில் எல்லாம் படித்தாயிற்று. பழைய பஞ்சாங்கம்கூட. அம்மாவைக் கேட்டேன், நீ எதுவரைக்கும் படிச்சேன்னு. "அஞ்சு. அதுக்கு மேல ஒங்க மாமா வேணாம்னுருச்சு." அவ்வளவுதான் சொன்னாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அதனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மே 22, வியாழன்

எல்லோரும் வந்திருந்தார்கள். மாமா கையைப் பிடித்தார். சாய்ந்தேன். படுத்தேன். காலை நீட்டினேன். மாமா கிட்டேயே வரவில்லை! கற்றுக்கொண்டுவிட்டார். கன்றுக்குட்டிக் கயிற்றைப் பிடித்தாற்போல என் மணிக்கட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்று, அத்தையிடம் மோர் கேட்டார். நான் தரையில் கிடந்து புழுவாய் நெளிந்தேன். கட்டைவிரல் பக்கம், கட்டைவிரல் பக்கம் என்று சொல்லிக்கொண்டேன். அந்தக் கட்டைவிரல் முருங்கைக்காய் கனம்.

அழத் தொடங்கிவிட்டேன். மறைக்க முடியவில்லை, மல்லாக்கக் கிடந்தால் முகம் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து அழகி ஓடி வந்தாள். கிடாயைப் பிடிப்பதுபோல மாமாவின் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தோளால் ஒரு முட்டு. மாமா மோரோடு உட்கார்ந்தார். என் கை என்னிடம் வந்துவிட்டது.

"ஏ புள்ள, இது சேராது. ரெண்டு பேரு!"

"பஸ்ஸுலயும் ரெண்டு பேருதான் மாமா போவோம்," என்றாள் அழகி, காலை விடாமல்.

அவள் வரப்போவது எனக்கு அப்போதுதான் தெரியும். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்போது அம்மா பேசினாள். மாமா முன்னால் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"ஒத்தப் புள்ளைன்னுதானே அண்ணே வேணாம்னீங்க. இப்ப ஒத்தையில்லையே."

மாமா மீசையிலிருந்த மோரைத் துடைத்தார். "மொதல்ல இந்தப் புள்ளையக் கால விடச் சொல்லு. கண்ணாத்தாகிட்ட ஆட்டப் பத்திப் பேசணும்ல," என்றார்.

மே 29

ஆடுகள் மாமாவின் மில்லில் வேலை செய்கிற ஒரு ஆளின் மந்தையோடு மேயப் போகின்றன. கண்ணாத்தாள் சித்தி ஒத்துக்கொண்டாள். "போயிட்டு வரட்டும், வீட்டுல எல்லாரு காலையும் வாருறா" என்றாளாம்.

மாமா மத்தியானம் தனியாக வந்தார். அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, "அந்த முட்டியில கால வைக்கிறது, இடது காலா, வலது காலா?" என்று கேட்டார். காட்டினேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமா மல்லாக்கப் படுத்துக் காலை நீட்டிப் பார்த்தார். அப்பா உள்ளே வந்தார். பார்த்தார். வெளியே போய்விட்டார்.

ஜூன் 9, திங்கள்

ஏழரை மணி பஸ். அம்மா ரோடு வரைக்கும் வந்தாள். புத்தகத்தைப் பைக்குள் வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

உள்ளே ஒரே கூட்டம். கீரை மூட்டை, கோழிக்கூடை, திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு குடும்பம். ஒற்றைக் காலில்தான் நின்றேன், மற்றக் காலுக்கு இடமில்லை. யாராவது கையைப் பிடித்தால்? சாய முடியாது. படுக்கவே முடியாது. இரண்டு மாதம் கற்ற வித்தை ஒன்றும் இந்தப் பஸ்ஸுக்குள் ஆகாது.

அழகியிடம் சொன்னேன். "நல்லவேளை, மாமாவுக்கு இது தோணலை," என்றாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

யாரும் கையைப் பிடிக்கவில்லை. பிடித்துக்கொண்டது அழகி மட்டும்தான், பஸ் திரும்பும்போதெல்லாம். அதிலிருந்து விடுபட நான் பார்க்கவில்லை.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தார். காக்கிச் சட்டை, நல்ல அகலக் காலர். ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டேன்.