நீ அடைவைத்த முட்டைகள்

என் ஆசை அக்காவுக்கு,

உன் கருப்பி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ மேற்கொண்டு படிக்கமாட்டாய். எத்தனை நேரம் இருப்பாள் என்று மட்டும் கேட்காதே.

திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலையில், வண்டி வாசலில் நிற்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டே கூடையில் மணல் பரப்பி ஒன்பது முட்டை அடுக்கினாய். மேலே கருப்பியை உட்காரவைத்தாய். நான் கத்தினேன்.

"நீ சாமியப் பாத்துக்கினு இருடி, கோழிய நான் பாத்துக்கறேன். வந்து குஞ்சு எண்ணறேன்" என்றாய்.

மூன்றாம் நாள் உன்னை வேறு வண்டியில் கொண்டுவந்தார்கள். அண்ணனுக்கு நீயும் தம்பிக்கு நானுமாக ஒரே வீட்டில் முப்பது வருஷம். கடைசியாக உன் கை வைத்துவிட்டுப் போனது அந்த முட்டைகள்தானே அக்கா?

அதைத்தான் நான் கெடுத்தேன். நேற்று உன் பதினாறாம் நாள் காரியத்தில் சாப்பிட்ட எச்சில் இலைகளைக் கோழிக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டச் சொன்னது நான்தான். தெரு நாய்கள் வந்துவிட்டன. பட்டப்பகலில், முன்வாசலில் உறவுக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது. மூன்று பெட்டை போய்விட்டது. கருப்பி ஓடியிருந்தால் தப்பியிருப்பாள். அடையை விட்டு எழவேயில்லை. முதுகுத் தோல் கிழிந்து தொங்கியது. நான்கு முட்டை நொறுங்கியது, ஐந்து மிஞ்சியது.

கூடையோடு பின்னறைக்குத் தூக்கிவந்து, உப்புப் போட்ட வெந்நீரை ஆறவைத்துக் கழுவி, மஞ்சள் வைத்தேன். இன்று காலை, தீட்டுக் கழிந்து முதல் விளக்கு ஏற்றினேன். அம்மன் ஜாத்திரையில் வாங்கி வைத்திருந்த கங்கம்மா குங்குமத்தை எடுத்துப்போய், காப்பாத்து தாயே என்று காயத்தைச் சுற்றி அப்பினேன். தனியாக இருந்தால் பயப்படுவாளே என்று மிஞ்சிய இரண்டு பெட்டைகளையும் அதே அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன், உன்மேல் சத்தியம்.

சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால், அந்த இரண்டும் அவள் முதுகைக் கொத்திக்கொண்டிருக்கின்றன. கூடவே வளர்ந்தவை, அக்கா. சதை தெரிந்தது. அவள் அப்போதும் எழவில்லை.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்தார். தெலுங்குக்காரர், நமக்காகத் தமிழ் பேசுவாரே, அவர்தான்.

"எந்துக்கம்மா, எதுக்குக் குங்குமம்? கோழிக்கு இதும் ரத்தம்தான், அதும் ரத்தம்தான். செகப்பக் கண்டா கொத்தினே இருக்கும்."

"அம்மன் குங்குமம்பா."

"அது உங்களுக்குத் தெரியும். கோழிக்குத் தெரியாதே."

ஊதா மருந்து பூசிச் சிவப்பை மறைத்தார். தனியாக, இருட்டில், சூடாக வைக்கச் சொன்னார். வெல்லத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னார். "முக்கியமா பக்கத்துல பேசாதீங்கம்மா. பயத்துலயே போயிடும்."

என்னிடம் போய் இதைச் சொல்கிறார். உன் கொழுந்தனாருக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு. "இன்னிக்குத்தான் இந்த வூட்ல ஃபேன் ஓடற சத்தம் கேக்குது" என்கிறார். வாயை மூடிக்கொண்டு எப்படி இருப்பது? அதனால்தான் உனக்கு எழுதிக்கினு இருக்கேன்.

நீ அடைவைத்து இன்று பத்தொன்பதாம் நாள். மருந்து போட்டதும் இரண்டு மடக்குக் குடித்தாள். மத்தியானத்திலிருந்து கழுத்தைத் தூக்கவில்லை. அடிவயிற்றில் சூடு குறைந்துவிட்டது, முட்டைகள் சில்லிட ஆரம்பித்தன. ஐந்தையும் பழைய துணியில் சுற்றி என் மடியில் கட்டிக்கொண்டு, அவள் கூடைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருக்கிறேன். குனியவே பயமாக இருக்கிறது. ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. இந்த நாளில் சத்தம் கேட்குமா, கேட்காதா? உன்னை ஒருநாளாவது கேட்டு வைத்துக்கொண்டேனா?

கங்கம்மாவிடம் என்ன கேட்பது? அவள் குங்குமம்தானே இப்படிச் செய்தது. திட்டவும் வாய் வரவில்லை. ஒரு கை மடியைத் தாங்குகிறது, ஒரு கை எழுதுகிறது. கும்பிடக் கை மிச்சமில்லை அக்கா.

குஞ்சு பொரிக்க இன்னும் இரண்டு நாள். கருப்பி போனாலும் இவற்றை இறக்கி வைக்கமாட்டேன். ஒன்றாவது ஓட்டுக்குள்ளிருந்து கத்தும்வரை மடியை அவிழ்க்கமாட்டேன், வாயையும் திறக்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இந்த வீட்டுக்கு உனக்குப் பின்னால் வந்த,
உன் ஓரகத்தி