பங்களாப் பாடம்

இன்று காலை பள்ளிக்கூடத்து சைக்ளோஸ்டைல் இயந்திரம் என்மீது போர் தொடுத்தது. முப்பது தாள் ஓடியதும் உருளை இறுகிக்கொண்டது. என்னவென்று திறந்தேன், தென்சீனக் கடல் மொத்தமும் மையாக மாறி என் சட்டையில் இறங்கியது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் கை வெளுக்கவில்லை. அந்த மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறிய மாத்திரத்தில், "ஓரம் சரியா விழலய்யா, இன்னொரு தடவை ஓட்டு" என்று நீ பின்னாலிருந்து சொல்லப்போகிறாய் என்று திரும்பியே பார்த்துவிட்டேன். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து உன் தம்பியின் கடிதம் போன வாரம் வந்தது. நீ போய்விட்ட சேதி, நான்கே வரியில். காய்ச்சல், எட்டு நாள், கடைசியில் அதிகம் பேசவில்லை. 'அதிகம் பேசவில்லை' என்ற இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஊமையையும் பேச வைத்துவிடுவான் என்று நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த ஆள் நீ.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேலே நமக்குக் கிடைத்த அந்த மாடி அறையை நினைக்கிறேன். பகலில் நாம் இருவரும் ஒரே தமிழ்ப் பள்ளியில் வாத்தியார்கள். மாலை ஆறு மணிக்கு அந்த மாடியில் ஆங்கில ஆசான்கள். நமக்கே அரை வயிற்று ஆங்கிலம். அதைப் பந்தி போட்டுப் பரிமாறினோம். வந்தவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், கடைச் சிப்பந்திகள், சலவைக்காரர்கள். கீழே மில் ஓடும்போது ஒரு வாக்கியத்தைத் தும்மாமல் முடித்தவன் அந்த அறையில் கிடையாது. ஆங்கிலத்தில் தும்முவதற்குப் பட்டம் கொடுத்திருந்தால் நம் மாணவர்கள் எல்லாரும் டாக்டர்கள்.

மற்ற வகுப்புகளில் புத்தகத்தைப் பிரித்துவைத்துக் கோரஸாகப் படிக்கச் சொல்வார்கள். உனக்கு அது பிடிக்காது. "புத்தகம்தான் பேசுது, இவன் எங்கய்யா பேசுறான்?" என்பாய். நீ கண்டுபிடித்ததுதான் இரண்டு நாற்காலிப் பயிற்சி. நாற்காலிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போடுவாய். இருவர் மடியிலும் ஆளுக்கொரு இரும்புத் தட்டு. இரண்டு தட்டிலும் அதே ஐந்து சாமான்: தீப்பெட்டி, சாவி, சட்டைப் பொத்தான், கொட்டைப்பாக்கு, ஒரு உருண்டை புளி. ஒருவன் தன் தட்டில் எது எங்கே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மற்றவன் கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அப்படியே தன் தட்டில் அடுக்க வேண்டும். முதுகு எதற்கு என்று கேட்டேன். "முகத்தைப் பார்த்தா தலையாட்டிட்டுத் தப்பிச்சிருவான். முதுகுக்கிட்ட தலையாட்டி என்ன பிரயோஜனம்?" என்றாய்.

சலவைக்கார முனியாண்டி முதல் மாதம் முழுக்கப் புளியைப் பாக்கு இருக்கவேண்டிய இடத்தில் வைத்தார். ஒருநாள் இரண்டு தட்டும் அச்சாக ஒத்துப்போனபோது, கடாரம் கொண்ட சோழன்கூட அப்படி எழுந்து நின்றிருக்கமாட்டான்.

நீ பயிற்சிக்காரன் என்றால் அடியேன் வசனகர்த்தா. உரையாடல் எழுதுவது என் இலாகா. நான் எழுதிய மகா காவியம்தான் பங்களாப் பாடம். ஒருவர் கேட்பார், மற்றவர் தன்னைப் பற்றிச் சொல்வார்: எனக்குச் சாங்கியில் கடலைப் பார்த்தாற்போல ஒரு பங்களா. ஏழு குளியலறை. மூன்று குதிரை. என் மனைவி மாலையில் பியானோ வாசிப்பாள். மூட்டை தூக்கித் தோள் காய்த்த மனிதர்கள் அந்தப் பங்களாவைச் சொந்தமாக்கிக்கொண்டு போட்ட சத்தத்தில் கீழே மில்காரர் அரைப்பதை விட்டுவிட்டு மேலே வந்து பார்ப்பார். முனியாண்டி மட்டும் குதிரை விஷயத்தில் பிடிவாதம். "சார், எனக்கு ரெண்டு குதிரை போதும். மூணாவதுக்கு எவன் புல்லுப் போடுறது?"

உனக்கு அந்தப் பாடத்தில் ஒரு மனக்குறை இருந்தது. அவரவர் வீட்டைப் பற்றி, அவரவர் வேலையைப் பற்றிக் கேட்கலாமே என்றாய். இவன் வாயில் வரும் முதல் இங்கிலீஷே பொய்யாக இருக்கவேண்டுமா என்றாய். நான் அப்போது சொன்ன பதில் எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "உண்மையைச் சொல்ல இங்கிலீஷ் எதுக்குய்யா? அதுக்குத்தான் தமிழ் இருக்கே." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரிப்பில் ஜெயித்தால் வாதத்திலும் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளும் ஜாதி நான்.

உன் மனைவிக்கும் அந்தப் பாடம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து நீங்கள் இருவரும் தேக்கா சந்தைப் பக்கம் வரும்போது என்னைப் பார்த்துவிட்டால், "பியானோ எப்பண்ணே வருது?" என்று கேட்பாள். "கப்பல் சூயஸ்ல மாட்டிக்கிச்சு தங்கச்சி, அடுத்த வாரம் வந்துரும்லா" என்பேன். நான்கு வருடம் அந்தப் பியானோ சூயஸிலேயே நின்றது. அதற்குள் அவளுக்கு நெஞ்சில் நோவு வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிடாடரியில் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். ஒரு வாரம் நீ வகுப்புக்கு வரவில்லை. எட்டாம் நாள் வந்து நாற்காலிகளைப் போட்டாய். முனியாண்டி பியானோ வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். நீதான் மேலே படிக்கச் சொன்னாய்.

நாடு தனியாகப் பிரிந்த மறுவருடம் நம் பள்ளிக்கு ஓலை வந்தது. பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியோடு சேர்க்கப்போகிறார்கள். வாய்மொழித் தேர்வில் தேறும் வாத்தியார்கள் கூடவே போகலாம். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். எனக்கு வீடு பஃபலோ ரோட்டில். உனக்கு வீடு கடல் கடந்து. நான் குடியுரிமை எடுத்திருந்தேன். நீ ஊருக்கு ஒருமுறை போய் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தாய். வேலை போனால் தங்கும் அனுமதியும் போகும்.

நீ சம்பளத்துக்காகக் கலங்கவில்லை. "நான் போயிட்டா பிடாடரிக்கு யாரு போவா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாய். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் நீ அவளிடம்தான் போய்க்கொண்டிருந்தாய்.

ஆகவே பயிற்சி ஆரம்பமாயிற்று. ஏதாவது ஓர் உரையாடலைப் பேசிக்காட்டச் சொல்வார்கள் என்று வாத்தியார்களிடையே பேச்சு, நான் நம் பங்களாப் பாடத்தையே எடுத்துக்கொண்டேன். மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் அடியேன், என் உடம்பின்மேல் முனியாண்டி சலவைக்கு வாங்கிவந்த யாரோ ஒரு துரையின் கோட்டு. தேர்வாளர் வேஷம். நான் போட்ட அதட்டலில் துறைமுகத்துக் கப்பல்கள் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கவேண்டும். குதிரைகளுக்குப் பெயர் என்ன, ஏழாவது குளியலறை எதற்கு என்றெல்லாம் மடக்கினேன். நீ தடுமாறாமல் பதில் சொல்லத் தேறிவிட்டாய். மாலையில் என் மனைவி பியானோ வாசிப்பாள் என்று சொல்லும்போது மட்டும் உன் குரல் தனியாக மெதுவாகும். அதை நான் நல்ல நடிப்பு என்று நினைத்துப் பாராட்டினேன்.

தேர்வு நாள். அந்த அலுவலகத்து வராந்தா, ஒரு மர பெஞ்சு, கதவருகே ஒரு பியூன். என்னை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே வயதான ஓர் ஆங்கிலேய மாது. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். நீ பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, என்ன கேட்டாள் என்று கேட்டாய். உன்னைக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. பியூன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: "மூக்குல கண்ணாடி, கண்ணாடிக்குள்ள புலி. பயப்படாதய்யா, நம்ம பங்களாப் பாடம்தான், அப்படியே ஒப்பிச்சுட்டு வா." உன் முகம் தெளிந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போனாய்.

நீ நான்கே நிமிடத்தில் வெளியே வந்தாய். பஸ்ஸில் ஏறி, சிராங்கூன் ரோட்டில் இறங்கி, அவரவர் வழியில் போனோம்.

முடிவு வந்தது. நான் தேறிவிட்டேன். உன்னை ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள்.

அன்று மாலை வகுப்பு இல்லாத நாள். நீ என்னை மாடிக்கு வரச் சொல்லி, நாற்காலிகளை முதுகோடு முதுகு போட்டாய். தட்டு இல்லை, தாள் இல்லை. ஒருவர் ஆங்கிலத்தில் நிஜத்தை மட்டும் சொல்வது, மற்றவர் திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான் என்றாய். நான் ஏதோ கிண்டல் செய்தேன். நீ உட்கார்ந்தாய். தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாய். என் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தாள். அப்போது நான் வகுப்பில் இருந்தேன். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் திருப்பிச் சொன்னேன். உன் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தாள். அப்போது நீ வகுப்பில் இருந்தாய். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். என் ஆயுளில் ஒரு சொல்கூடக் கூட்டாமல் நான் பேசிய வாக்கியங்கள் அவைதான். எனக்கு அந்தச் செவ்வாய் நினைவிருந்தது. உன்னைச் சிரிக்கவைத்தது யார் என்றும் நினைவிருந்தது.

பிறகு தேர்வைப் பற்றிச் சொன்னாய். வீட்டில் யார் யார் என்று அந்த மாது கேட்டாள். நீ பங்களாவைச் சொன்னாய். என் மனைவி பியானோ வாசிப்பாள் என்றாய். அவள் உன் தாள்களைப் பார்த்துவிட்டு, மனைவி காலமானதாக இதில் இருக்கிறதே என்று மெதுவாகக் கேட்டாள். அதன்பின் உனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

அதையும் திருப்பிச் சொன்னேன். நீ கேட்டாய்: உள்ளே போனபோது உன்னிடம் என்ன கேட்டாள்?

நிஜம் நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொன்னால், வராந்தாவில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஆகவே, பங்களாப் பாடம்தான், வரிக்கு வரி அதேதான் என்றேன். நீ விதிப்படி திருப்பிச் சொன்னாய்: உன்னிடம் பங்களாப் பாடம்தான் கேட்டாள், வரிக்கு வரி. என் பொய்யை உன் நல்ல குரலில் கேட்டேன்.

நாற்காலியை விட்டு எழுந்ததும் தமிழில் சொன்னாய். "அப்ப எங்கிட்ட மட்டும்தான் வீட்டைப் பத்திக் கேட்டிருக்கா. பொண்டாட்டி செத்தவன்னு என் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு போல."

ஆறு மாதம் கழித்து மறுதேர்வுக்குக் கடிதம் வந்தது. நீ போகவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், துரையின் கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு ஆடினேன். "போனா மறுபடியும் அதத்தானே கேப்பா. மூஞ்சியை வீட்ல கழட்டி வச்சுட்டா போக முடியும்?" என்றாய். அந்த ஆறு மாதத்தில் எத்தனை மாலைகள் நாம் சேர்ந்து கோப்பி குடித்திருப்போம். ஏதாவது ஒரு மாலையில், ஒரே ஒரு வாக்கியத்தில், நான் சொல்லியிருக்கலாம்.

நீ ஊருக்குக் கிளம்பிய அன்று, கப்பல் துறையில் அதிகம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் பிடாடரிக்கு ஒரு எட்டு போய் பார்த்துக்கொள் என்றாய். "தாஜ்மகாலே கட்டிடுறேன், போய்யா" என்றேன். நீ சிரிக்கவில்லை.

தாஜ்மகால் கட்டவில்லை. லாலாங் புல்தான் பிடுங்குகிறேன். ஒரு வாரம் விட்டால் இடுப்புயரம் வளர்கிறது. மிகைப்படுத்தவில்லை, வந்து பார்த்தவர்களைக் கேள். எனக்கு உங்கள் செபம் தெரியாது. புல்லைப் பிடுங்கிவிட்டுச் சும்மா நிற்பேன். அங்கே வரும் ஓர் அம்மாள், அது என் சம்சாரமா என்று கேட்டார். தங்கச்சி என்றேன்.

இப்போது ஆங்கிலப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான்தான் பேச்சுப் பயிற்சி தயாரிக்கிறேன். இன்று ஓட்டிய தாளும் அதற்குத்தான். அதில் பங்களா இல்லை. உங்கள் வீட்டில் யார் யார் என்று ஒரே கேள்வி. சில பிள்ளைகள் உடனே சொல்லிவிடும். சிலதுக்கு நேரமாகும். அதுவரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

சொல்லவேண்டியதை இப்போது சொல்கிறேன். நான் உள்ளே போனதும் அந்த மாது தாளை மூடி வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் யார் யார் என்றுதான் என்னையும் கேட்டாள். நான் என் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் ஒழுகும் கூரையையும் பற்றி அளந்தேன், சிரித்தாள், தேறிவிட்டேன். வெளியே வந்து உன்னிடம் அதைச் சொல்ல வாயெடுத்தபோது வேடிக்கை முந்திக்கொண்டது. என் பாடம் கேள்வியாக வந்தது என்று பெருமையடிக்கும் ஆசையும் சேர்ந்துகொண்டது. வேறு காரணம் ஒன்றுமில்லை. இதைவிடப் பெரிய காரணமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

உன் முகத்தில் ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அவள் எல்லாரையும் அதைத்தான் கேட்டாள். இது தெரிந்திருந்தால் நீ மறுமுறை போயிருப்பாய், மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லியிருப்பாய், தேறியிருப்பாய். நாளை ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நீயே பிடாடரிக்குப் போயிருப்பாய். நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.