தோட்டக்காரன் என்று எழுதிய அட்டை

நைவாஷா,
ஞாயிறு மாலை

அன்பு மகள் நெகேசாவுக்கு அம்மா எழுதுவது, கர்த்தர் தயவில் அப்பாவும் நானும் குறையில்லாமல் நடமாடுகிறோம், நீயும் அந்த தோஹா வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்றே தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனாலும் பாடகர் குழுவை விடமாட்டேன் என்கிறார். போனில் பேசினால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன்.

வெளிக் கம்பெனி ஆளானாலும் சரி, முதலாளி தானே வைத்துக்கொண்ட ஆளானாலும் சரி, காவல் நிற்கிறவர்களை அரசாங்கத்தில் பதிந்து பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்ததே, அப்போது எங்கள் ரோஜாப் பண்ணை வாசலில் எல்லோருக்கும் சந்தோஷம். என்னோடு வாசல் பார்க்கும் பராசா, உன்னை வழியனுப்பிய அன்று அந்த ஆட்டம் ஆடினானே, அவன்தான், இனிமேல் நல்ல பூட்ஸாவது கிடைக்கும் என்று சிரித்தான். மானேஜர் கிதுகு என்ன செய்தார் தெரியுமா, எங்கள் வேலை அட்டைகளை வாங்கி எல்லாவற்றிலும் தோட்டக்காரர் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். அதே வாசல், அதே தடி, ஆனால் பண்ணையில் காவலாளியே இல்லையாம், அப்புறம் எதற்குப் பதிவு என்கிறார்.

போன மாதம் பட்டப்பகலில் தண்ணீர் மோட்டாரைத் திருடி வேனில் ஏற்றி வந்தவர்களை பராசா வாசலில் மறித்தான். அரிவாளால் கையில் வெட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். விரல்கள் இன்னும் மடங்கவில்லை. பண்ணையில் என்ன சொன்னார்கள் என்று கேள், "தோட்டக்காரன் எதுக்குத் திருடனப் பிடிக்கப் போனான்? அது அவன் வேலையா?" என்றார்கள். மறிக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கே வேலையை விட்டுத் துரத்தியிருப்பார்கள்.

பராசா நஷ்டஈடு கேட்டுக் கொடுத்த மனு தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணைக்கு வந்ததும் கிதுகு என்னிடம் வந்து, "நெகேசா அம்மா, தோட்டக்காரன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, எல்லாருக்கும் நல்லது" என்று குழைந்தார். நான் அங்கே போய், "அம்மா, அந்த ஆளு ஒரு செடிக்குக்கூடத் தண்ணி ஊத்துனதில்ல, நானும் ஊத்துனதில்ல, நாங்க வாசக் காவல்" என்று அதிகாரி முன்னால் சொல்லிவிட்டேன். அந்த அம்மாளும் பராசாவுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும், எங்கள் எல்லோரையும் பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்து, சோள மாவில் உகாலி கிண்டி, நம் வீட்டில் ஒரே கொண்டாட்டம்.

அடுத்த வாரமே பண்ணைக்காரர்கள் வாசலை வெளிக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு எங்களை நிறுத்திவிட்டார்கள். "நீங்க கேட்ட சட்டந்தானே, இப்ப பதிவு பண்ண ஆளுங்க வந்தாச்சு" என்று கிதுகு சிரிக்கிறார். சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை மகளே, அதை வைத்தே எங்களை அடித்தார்களே, அதுதான் ஆறவில்லை. புதுக் கம்பெனி பயிற்சி முடித்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றது, போய்க்கொண்டிருக்கிறேன், வாசலில் எப்படி நிற்பது என்று எனக்குச் சொல்லித்தருகிறார்கள். பராசாவைத்தான் அந்தக் கையோடு யாரும் சேர்க்கவில்லை. அவன் மனைவி வந்து, "நீங்க வாயத் திறந்ததாலதான் வைத்தியமாவது நடக்குது" என்றாள்.

நீ ஓட்டலில் என்ன வேலை செய்கிறாயோ அதையேதான் உன் அட்டையிலும் எழுதியிருக்கிறார்களா என்று நாளைக்கே பார், மறந்துவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா நாசிமியு,
வாசல் காவலாளி