எட்டாவது விளக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? விரல்களை முழுதாக மடக்க முடிகிறதா? குட்டி புது இடத்தில் தூங்குகிறாளா? இதையெல்லாம் கேட்கிறேனே தவிர, பதில் எழுதாதே. ஏன் என்று சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படித்துவிடு.

என் கம்பெனி உறையைப் பார்த்து யாரோ என்று குழம்பியிருப்பாய். போனில் பேசியிருக்கலாம். ஆனால் அம்மாவின் போன், என் போன் இரண்டுமே அத்தான் தன் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. "நீங்க எதுக்கு அலையணும், எல்லாத்தையும் நானே செட் பண்ணித் தரேன்" என்றார் அன்றைக்கு. அந்த 'எல்லாம்' எதுவரை என்று இப்போது யோசிக்கிறேன்.

நீ மாதக் கடைசியில் வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பின்பக்க அறையைக் காலி செய்து, கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி, குட்டிக்குத் தனியாக ஒரு சின்னத் தலையணை தைத்திருக்கிறாள். கை எப்படி முறிந்தது என்று நீ அவளிடம் சொன்ன கதையைத்தான் இன்னும் நம்புகிறாள். "ரெண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வெச்சுப் பேசினா முடிஞ்சுபோற விஷயம்" என்று நாளுக்கு நாலு தடவை சொல்கிறாள்.

குட்டி இருட்டுக்குப் பயப்படுவாளே என்று, பின்கேட்டிலிருந்து உன் அறை வாசல்வரை நான் தோட்ட விளக்கு போட்டேன். "ஊர்ல உள்ள ஓட்டலுக்கெல்லாம் லைட் போடுறா, சொந்த வீட்டுப் பின்பக்கம் பாம்பை மிதிச்சாலும் தெரியாது" என்று அம்மா குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாள், அந்த வாயையும் அடைத்த மாதிரி ஆயிற்று. பன்னிரண்டு வோல்ட்தான், குழந்தை ஈரக் கையால் தொட்டாலும் பயமில்லை. முழங்கால் உயரத்தில் ஏழு விளக்கு. வெளிச்சம் தரையில் மட்டும் விழும். ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஒவ்வொரு விளக்கும் இருட்டினால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும்.

இந்த வேலையில் சிரமமெல்லாம் தூரம்தான். மாடித் தொட்டியிலிருந்து கடைசிக் குழாய்க்கு வரும்போது தண்ணீர் எப்படி மெலிகிறதோ, அப்படித்தான் ஒயரின் நீளத்தில் வோல்ட் குறைந்துகொண்டே போகும். எத்தனை விளக்கு, எவ்வளவு தூரம், எவ்வளவு கனமான ஒயர் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டால்தான் கடைசி விளக்கு மங்காது. உன் ஜன்னலடியில் இருக்கும் கடைசி விளக்குக்குப் பதினொன்றுக்குச் சற்று மேலே வரவேண்டும். போட்ட அன்று அளந்தேன், சரியாக வந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஓட்டல் தோட்ட வேலைக்காக வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்த மாலையில் கடைசி விளக்கு லேசாகச் சோர்ந்து தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியாது. அம்மா என்னைப் பார்த்து, "உன் கண்ணுலதான் கோளாறு" என்றாள். அளந்தேன். பதினொன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. இணைப்பில் எங்கோ ஈரம் புகுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எனக்கு விடுமுறை. நல்ல வெயில். வீட்டு மின்சாரத்தைப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைக்கும் சின்ன டிரான்ஸ்பார்மரிலிருந்து கிளம்பும் ஒயரில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்தேன். அதற்கு ஒரு மீட்டர் உண்டு, இடுக்கி மாதிரி ஒயரைக் கவ்விப் பிடிக்கும். போகிற ஒயரையும் வருகிற ஒயரையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். உள்ளே என்ன ஓடினாலும் பூஜ்யம்தான். அவசரத்தில் நானும் அப்படித்தான் பிடித்தேன். அம்மா உன்னையும் அத்தானையும் சேர்த்தே பார்க்கிறாளே என்று அப்போது நினைப்பு வந்தது, அக்கா. பிறகு ஒரு ஒயரை மட்டும் பிரித்து அளந்தேன்.

ஓடியது. ஏழு விளக்கும் அணைந்து கிடக்கிற உச்சி வெயிலில், ஏதோ ஒன்று நிதானமாக மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது.

ஒயர் போகும் வழியெல்லாம் மண்ணைக் கிளறினேன். உன் அறைக்கு எதிரே, செம்பருத்திக்குப் பக்கத்தில், நான் போடாத ஒரு இணைப்பு இருந்தது. கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மண்ணுக்குள் நான் ஒருநாளும் டேப் சுற்றமாட்டேன், ஈரம் ஏறிவிடும். அதிலிருந்து ஒரு கிளை ஒயர் செடிக்குள் போனது. இலைகளை விலக்கினேன். எட்டாவதாக ஒரு விளக்கு நின்றிருந்தது. என் விளக்குகளின் அதே நிறம், அதே உயரம். அதன் முகம் மட்டும் தரையைப் பார்க்கவில்லை, உன் ஜன்னலைப் பார்த்தது. ஜன்னலோடு சேர்த்துப் பின்கேட்டையும் பார்த்தது. அது இரவில் எரிவதில்லை. எரியாத விளக்கை இருட்டில் யார் எண்ணப்போகிறார்கள்?

அத்தான் கடையில் போன் மட்டுமா விற்கிறார்கள். கேமராவும் விற்கிறார்களே.

அம்மாவிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன். முகமெல்லாம் பூரித்துவிட்டது. "ஆமாண்டி, நீ ஊர்ல இல்லாதப்ப மாப்பிள்ளை வந்திருந்தார். ஒரு விளக்கு குறையுதேன்னு அவரே வாங்கிட்டு வந்து, பாவம், வேர்க்க விறுவிறுக்க அவரே தோண்டி நட்டார். காபிகூட வேண்டாம்னுட்டார்" என்றாள். போனில் நெட் தீர்ந்துவிட்டது என்று வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாராம். எந்த அறையில் உன்னைப் படுக்க வைக்கப்போகிறாள் என்று அம்மாவாகவே சுற்றிக் காட்டியிருக்கிறாள். "எதையும் பேசல, கட்டிலை மட்டும் ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னார். கண்ணு கலங்கிடுச்சு" என்றாள்.

அன்று சாயங்காலமே அத்தான் எனக்குப் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, "என்ன, தோட்டத்துல மண்ணெல்லாம் கிளறிக்கிட்டு இருந்த? செடிக்கு உரம் வெச்சியா?" என்றார். எறும்பு வந்துவிட்டது அத்தான், மருந்து போட்டேன் என்றேன். சிரித்தார். "கையை விட்டுப் பாக்காதே, கடிச்சிடும்" என்று அக்கறையாகச் சொல்லி வைத்தார். நான் இலையை விலக்கியதைப் பார்த்தாரா, மண்ணைக் கிளறியதை மட்டும் பார்த்தாரா, தெரியவில்லை. எதிலும் நிச்சயமாக இருக்க முடியவில்லை.

போலீசுக்குப் போ என்பாய். போன தடவை நீ போனபோது அவர்களே அவருக்குப் போன் போட்டு வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, உன்னை அவர் பைக்கிலேயே ஏற்றி அனுப்பினார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் நீ 'படியில் விழுந்தாய்'.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். அந்த எட்டாவது விளக்கை நான் பிடுங்கவில்லை, ஒயரை வெட்டவும் இல்லை. வெட்டினால் நாம் தெரிந்துகொண்டோம் என்று தெரிந்துவிடும், பிறகு அவர் வேறெங்காவது தேடக் கிளம்புவார். இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கட்டும். தினமும் அதன் எதிரே போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறேன். நீங்கள் வரப்போகிற மாதிரியே தெரியட்டும் என்று, குட்டியின் பழைய கவுன் ஒன்றைத் துவைத்து ஜன்னல் கம்பியிலேயே காயப்போட்டேன்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. அவளுக்கு மறைக்கத் தெரியாது, நெஞ்சில் இருப்பது உடனே முகத்துக்கு வந்துவிடும். நான் நடிக்கிறேன், என் நடிப்பு அவருக்குப் பிடிபடலாம். அம்மா நிஜமாகவே காத்திருக்கிறாள். இருட்டியதும் ஏழு விளக்கும் எரிந்த பிறகு, பின்கேட்டுவரை நடந்துபோய், தெருவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். அதைத்தான் அவர் நம்புவார். மாதக் கடைசிக்குப் பிறகும் அவள் அப்படி நடந்துகொண்டிருப்பாள். நான் உள்ளே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது நீ தங்கியிருக்கும் தோழி வீட்டிலிருந்து ஒருமுறை என் போனுக்குப் பேசினாய். அதனால் அந்த வீடும் இனி வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் குட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. எங்கே என்று எனக்கு எழுதாதே. கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. எனக்குத் தெரியாமல் இருந்தால்தான் அம்மா அழும்போதும், அத்தான் கேட்கும்போதும் என்னால் ஒரே பதிலைச் சொல்ல முடியும்.

உனக்காகப் போட்ட பாதை, அக்கா. குட்டி ஒவ்வொரு விளக்காகத் தொட்டுக்கொண்டே ஓடிவருவாள் என்று அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் வைத்தேன். போகிற இடத்தில் அவளுக்கு இருட்டில்லாத ஒரு வாசல் கிடைக்கட்டும். உன் கை பழையபடி மடங்கட்டும். இரண்டு பேரும் நன்றாக இருங்கள்.

இந்த வீட்டுக்கு மட்டும் வராதே.

என்றும் உன்,
தங்கை